மெடிகேருக்கு முப்பத்தொரு மாதம்

ஹார்ட்ஸ்புரூக், வெர்மான்ட்
ஜனவரி 8, 2026

அன்புள்ள லோரெட்டாவுக்கு,

மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புல்வயல். இருந்தும் இதைத் தபாலில் அனுப்புகிறேன். தபால்காரப் பெண் முகவரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

புத்தாண்டு விருந்தில் எல்லார் முன்னாலும் உன்னை மூளை கழன்றவள் என்று சொன்னது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நீ செய்ததும் தப்புதான். டிசம்பர் வரை மாதம் நானூற்று முப்பது டாலர் கட்டிய மருத்துவக் காப்பீட்டுக்கு இந்த ஜனவரியிலிருந்து ஆயிரத்து முந்நூறு கேட்கிறார்கள். கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகக் காப்பீட்டு அட்டையைத் தகரம் வெட்டும் கத்தரியால் நான்கு துண்டாக்கி, அவர்களே அனுப்பிய உறையில் போட்டு அவர்களுக்கே திருப்பி அனுப்புவார்களா? தபால் தலைக்குக்கூடச் செலவு வைக்கவில்லை என்று பெருமை வேறு.

உன் இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது. இரண்டு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டிவரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுபத்தைந்து வயது ஆனால் அரசாங்கத்தின் மெடிகேர் கிடைத்துவிடும். உனக்கு அதற்கு இன்னும் முப்பத்தொரு மாதம் இருக்கிறது. அதுவரை வால்வு உன் சௌகரியம் பார்த்துக் காத்திருக்காது.

மறுபடி சேர்வதற்கு ஜனவரி பதினைந்து கடைசி நாள். அதை விட்டால் இந்த வருடம் முழுக்க உன்னை யாரும் சேர்க்கமாட்டார்கள். வேலை கொடுப்பவர்கள் காப்பீடும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்டு. ஆறு மாதத் தொகைக்குக் காசோலை வைத்திருக்கிறேன். திருப்பித் தர வேண்டாம்.

உன் அண்ணன்,
ஆரின்


ஜனவரி 14

அண்ணனுக்கு,

காசோலை இதோடு திரும்பி வருகிறது. முழுதாகவே வருகிறது, பயப்படாதே.

மன்னிப்பையும் குற்றச்சாட்டையும் ஒரே மூச்சில் சொல்ல உன்னால்தான் முடியும். சரி, என் பக்கத்தையும் கேள். முப்பத்தெட்டு வருடம் மரக்கிண்ண ஆலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றேன். ஆலையை மூடியபோது எனக்கு அறுபது. இனி உனக்கு வேலை எதற்கு, செத்துப்போன உன் புருஷன் டெல்பர்ட்டின் ஓய்வூதியமும் உன்னுடையதும் போதும், காப்பீட்டுக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது என்று என் சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியவன் நீ. உன்மேல் குற்றமில்லை. அன்றைக்கு அது சரியான கணக்கு. பிறகு வாஷிங்டனில் இருக்கிறவர்கள் உதவியை நீட்டிக்காமல் கைவிட்டார்கள். இப்போது வருமானத்துக்கு ஒரு வரம்பு. அதற்குக் கீழே இருந்தால் உதவி உண்டு, மேலே போனால் ஒரு காசு கிடையாது. நான் எண்ணூறு டாலர் மேலே இருக்கிறேன்.

உதவி எண்ணில் பேசிய பெண் நல்ல பெண்தான். "வருமானத்தக் கொஞ்சம் குறைச்சுக்க ஏதாவது வழி இருக்காம்மா?" என்று கேட்டாள். செத்த புருஷனின் ஓய்வூதியத்தை எப்படிக் குறைப்பது, அவரிடமே போய்க் கேட்கவா என்றேன்.

நான் ஏழையும் இல்லை, பணக்காரியும் இல்லை. நடுவில் நிற்பவளை இரண்டு பக்கமும் இடிக்கிறார்கள். உன் பணத்தைக் கொடுத்து அவர்கள் கேட்ட விலைக்கு வாங்கினால், அது நியாயமான விலைதான் என்று நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் போடமாட்டேன்.

இன்னொன்று. ஊர்க் குப்பைக் கிடங்குக்கு ஆள் வேண்டும் என்று உங்கள் ஊர்மன்றம் விளம்பரம் ஒட்டியிருந்ததே, அந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். சாலை மேற்பார்வையாளர் வெண்டல் எடுத்துக்கொண்டான். உன்னிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

லோரெட்டா


ஜனவரி 22

லோரெட்டாவுக்கு,

சனிக்கிழமை என் குப்பைப் பைகளை வாங்கி, யாரோ ஒரு ஆளிடம் வாங்குவதுபோல் தூக்கிப் போட்டாய். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் வண்டியில் இருந்தவர்கள் ஊர்மன்றத் தலைவருக்கே இந்தக் கதியா என்று சிரித்தார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஊர்மன்றம் கூடியபோது எழுத்தர் ஒரு மனுவை மேசையில் வைத்தார். ஐம்பது கையெழுத்துகள். குப்பைக் கிடங்குப் பணியாளருக்கு வாரம் முப்பத்திரண்டு மணி நேர வேலையும், சாலைப் பணியாளர்களுக்குக் கொடுப்பதுபோல மருத்துவக் காப்பீடும் தர வேண்டும் என்று மார்ச் ஊர்க்கூட்டத்தில் ஊரார் கை தூக்கி முடிவு செய்ய ஒரு தீர்மானம். கொடுத்தது நீ. தேதி ஜனவரி பதினைந்து. காப்பீட்டில் சேர வேண்டிய கடைசி நாளில் அங்கே போகாமல் ஊர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாய். இப்போது உனக்கு இருப்பது இந்த ஒரே வழிதான். வேண்டுமென்றே மற்ற கதவை அடைத்துவிட்டு வந்து நிற்கிறாய்.

மனு முறையாக இருக்கிறது. பட்டியலில் சேர்த்துவிட்டோம். ஆனால் ஒன்று தெரிந்துகொள். பத்தொன்பது வருடம் இந்த மன்றத்துக்குத் தலைவராக இருந்துவிட்டேன். சொந்தக்காரன் யார் வீட்டுப் பாதையிலும் ஊர்க் கணக்கில் ஒரு லோடு ஜல்லி கொட்டியதில்லை. உன் தீர்மானம் வரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆதரிக்கவும் மாட்டேன், எதிர்க்கவும் மாட்டேன். அதுதான் முறை.

ஆரின்


பிப்ரவரி 1

மாண்புமிகு ஊர்மன்றத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் நேர்மையைப் படித்துப் புல்லரித்தது.

எனக்கு முன்னால் அந்தக் கிடங்கில் வேலை பார்த்த மூன்று பேருக்கும் வேலையில் சேரும்போது என்ன வயது? அறுபத்தேழு, அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு. அதிர்ஷ்டமா அது? மெடிகேர் கையில் இருக்கிற ஆளாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தீர்கள். அவன் வைத்தியச் செலவு வாஷிங்டன் தலையில் விழும், அவன் முதுகு மட்டும் ஊருக்குக் கிடைக்கும். முதல் முறையாக அறுபத்தைந்துக்குக் கீழே ஒருத்தி வந்து நின்றதும் எல்லாருக்கும் முறை ஞாபகம் வருகிறது. வெண்டலுக்கும் அவன் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஊர் காப்பீடு கட்டுகிறது. கட்டத்தான் வேண்டும். பனி தள்ளுகிறவனுக்கு உடம்பு இருக்கிறது என்றால் குப்பை தள்ளுகிறவளுக்கும் இருக்கிறது.

வெளியே போவது முறை என்று உனக்கு யார் சொன்னார்கள்? அது நீதிமன்றம் இல்லை, ஊர்க்கூட்டம். அன்றைக்கு நீ தலைவன்கூட இல்லை, கை தூக்க வந்த நூறு பேரில் ஒருத்தன். எனக்கு எதிராக வேண்டுமானாலும் தூக்கு. ஒரு மாதம் உன்னைத் திட்டுவேன், பிறகு மறந்துபோவேன். வெளியே மட்டும் போகாதே அண்ணா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெண்டல் சொல்லி நீ வயலைத் தாண்டி ஓடிவர வேண்டாம். புதன்கிழமை மூச்சு இரைத்தது. இயந்திரத்தில் அமுக்கிக் கட்டிய பழைய அட்டைப்பெட்டிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று வெண்டல் பதறினான். "கூப்பிட்டுப் பாரு, உன்னையும் அட்டையோட சேத்து அமுக்கிக் கட்டிடுவேன்" என்றேன். அந்த வண்டியில் ஏறினால் இறங்குவதற்குள் பில்லுக்கே என் வீடு போய்விடும். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. பயமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பயம் வந்தால் பணிந்துபோக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

லோரெட்டா


பிப்ரவரி 6

லோரெட்டாவுக்கு,

வெண்டல் சொன்னான். வயலில் பாதி தூரம் வந்தேன். உன் வீட்டு விளக்கு எரிந்தது, நீ நின்று பாத்திரம் கழுவுவது தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

இதய மருத்துவரை ஒரு முறை பார், கையிலிருந்து ரொக்கமாகக் கட்டிவிடுகிறேன். அதற்காவது சம்மதம் சொல்.

மற்றதில் என் முடிவு மாறவில்லை. தங்கைக்காகக் கை தூக்கினான் என்று ஒரு ஆள் சொன்னாலும் பத்தொன்பது வருடமும் வீணாகிவிடும்.

ஆரின்


மார்ச் 4

அண்ணனுக்கு,

நீ வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தாயே, உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. கூட்டத்தை நடத்தும் நடுவர் என் தீர்மானத்தை வாசித்தார். நீ தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்து போனாய். கதவு சாத்துகிற வரை எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். தலைவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் பின்வரிசையில் ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. நடுநிலை என்று நீ நினைத்துக்கொண்டு போனாய். ஊர் அதை எப்படிப் படித்தது என்று பார்.

பால்பண்ணை ஹாலிஸ் டன்னிங் எழுந்தான். அவன் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. "லோரெட்டாக்கா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நானும் என் சம்சாரமும் ரெண்டு வருஷமா காப்பீடு இல்லாமத்தான் காலம் தள்றோம். எனக்கே இல்லாதத என் வரியில உங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்? உடம்புக்கு முடியலன்னா சொல்லுங்க, எல்லாருமா ஒரு விருந்து வச்சுப் பணம் திரட்டித் தர்றோம்" என்றான். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். "ஹாலிஸ், போன வருஷம் உன் தம்பி பொண்ணுக்கு விருந்து வச்சோம். நான் ஆறு சட்டி பீன்ஸ் செஞ்சு கொண்டாந்தேன். நாலாயிரம் டாலர் சேந்துச்சு. ஆஸ்பத்திரி பில்லுல அது எந்த மூலைக்கு வந்துச்சு? எனக்கு விருந்து வேண்டாம். வேல பாக்குறேன், வேலைக்கு உண்டானதக் குடுங்க. உனக்கு இல்லன்னா வா, உனக்கும் சேத்து சண்ட போடலாம். எனக்கும் இல்லாமப் பண்ணிட்டா உனக்கு என்னடா கெடச்சிரும்?" என்றேன். அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

கையை எண்ணினார்கள். நடுவர் நம்பாமல் இரண்டாவது முறை எண்ணினார். ஆதரவு அறுபத்தொன்று. எதிர்ப்பு அறுபத்தொன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது என்று கணக்கு. அதைச் சொல்லிவிட்டு நடுவர் உன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

நீ எதிராகத் தூக்கி நான் ஒரு ஓட்டில் தோற்றிருந்தால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உன் தயவை நான் கேட்கவில்லை. உட்கார்ந்திரு என்று மட்டும்தான் கேட்டேன். பதில் எழுதாதே.

லோரெட்டா


மார்ச் 7

லோரெட்டாவுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு தாள் மட்டும்.

வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் கேட்டது. உனக்குத்தான் தட்டுகிறார்கள், ஜெயித்துவிட்டாய் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. உள்ளே வந்த பிறகுதான் எண்ணிக்கையைக் கேட்டேன். அன்றிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

என் பெயர் கெடாமல் காப்பாற்றிக்கொண்டேன். உன் வைத்தியத்தை விலையாகக் கொடுத்துத்தான் காப்பாற்றிக்கொண்டேன். இதற்கு மன்னிப்பு என்று ஒரு சொல் போதாது, அதனால் எழுதவில்லை.

முப்பது நாளுக்குள் ஊர் வாக்காளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் அதே தீர்மானத்தின் மேல் மறுபடி ஓட்டு நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாற்பத்து மூன்று கையெழுத்து. நாளையிலிருந்து போகிறேன்.

ஆரின்


மார்ச் 18

அண்ணா,

நீ வீடு வீடாகப் போகிறாய் என்று குப்பை கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பனி உருகிப் பாதை எல்லாம் முழங்கால் சேறு. உனக்கு அறுபத்தொன்பது வயது. மேல்மேட்டுச் சாலையில் உன் வண்டி மாட்டிக்கொண்டு டிராக்டர் வைத்து இழுத்தார்களாம். கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். ஆத்திரத்தில்தான்.

ஒன்று கேட்கிறேன். எனக்காகப் போகிறாயா, உன் மனசாட்சியைக் கழுவிக்கொள்ளப் போகிறாயா? இரண்டாவது என்றால் நிறுத்திவிடு. நானே போய் வாங்கிக்கொள்வேன்.

இன்னும் கோபத்தில்தான் இருக்கிறேன். காலுக்கு உயரமான பூட்ஸ் போட்டுக்கொள்.

லோரெட்டா


மார்ச் 29

அன்புள்ள லோரெட்டாவுக்கு,

நீ கேட்டதற்கு முதல் வாரத்தில் எனக்கே பதில் தெரியவில்லை. வீட்டுக் கதவைத் தட்டுவேன். இது என் தங்கை விஷயம் என்பதால் சொல்லவில்லை, பொதுவாக ஊருக்கு எது நியாயம் என்றால், என்று ஆரம்பிப்பேன். பத்து நிமிடம் பேசுவேன். கேட்டுவிட்டு யோசிக்கிறோம் என்று கதவைச் சாத்துவார்கள். ஐந்து நாளில் ஒன்பது கையெழுத்து.

ஆறாவது நாள் ஹாலிஸ் டன்னிங் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகையில் பால் கறவை நடந்துகொண்டிருந்தது. நான் பொதுவாக, நியாயமாக, என்று தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார். "என் மாமனார் வீட்டுப் பாதைக்கு ஒரு லோடு ஜல்லி கேட்டப்ப எங்கிட்டச் சட்டம் பேசுன ஆளு நீ. இப்ப தங்கச்சின்னதும் சேத்துல நடந்து வந்திருக்க" என்றார். பக்கத்தில் அவர் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பத்தொன்பது வருடம் பயந்தேன். கேட்டதும் பயம் போய்விட்டது. "ஆமா ஹாலிஸ். என் தங்கச்சிக்குத்தான் வந்திருக்கேன். அவ செத்துப்போயிருவாளோன்னு பயமா இருக்கு" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். மறுபடி ஓட்டு நடக்கட்டும் என்பதற்கு மட்டும்தான் இந்தக் கையெழுத்து, கூட்டத்தில் எதிர்த்துத்தான் தூக்குவேன் என்று சொல்லிக்கொண்டே போட்டார். அவர் மனைவி பேனாவை வாங்கித் தன் பெயரையும் கீழே எழுதினார்.

அதன்பிறகு எல்லா வீட்டிலும் முதல் வாக்கியமாக அதையே சொன்னேன். என் தங்கைக்காக வந்திருக்கிறேன் என்று. எல்லாரும் போடவில்லை. இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஆனால் எழுபத்து நான்கு பேர் போட்டார்கள். எழுத்தரிடம் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, அதே கூடம்.

முன்வரிசையில் உட்காருவேன். அதற்காக என் தலைவர் பதவியை ராஜினாமா செய்யச் சொன்னால் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

உன் அண்ணன்,
ஆரின்


ஜூன் 14

அண்ணா,

பேச்சுவார்த்தை திரும்பிவிட்டது, ஞாயிறு தோறும் என் வீட்டில் சாப்பிடுகிறாய், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்று தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவாய். தாளில் இருந்தால் மறுபடி எடுத்துப் படிப்பாய்.

முதலில், ஏப்ரலில் மறு ஓட்டு நடந்த அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லாதது. ஆதரவு தொண்ணூற்று நான்கு, எதிர்ப்பு எழுபத்தொன்று என்று நடுவர் சொன்னபோது எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் அதைக்கூட ஒழுங்காகக் கவனிக்கவில்லை. எண்ணும்போது நீ முன்வரிசையில், ஊர் முழுக்கப் பின்னால் இருந்து பார்க்க, காது சிவந்து உட்கார்ந்திருந்தாய். அதைத்தான் பார்த்தேன். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஹாலிஸ் சொன்னபடி எதிர்த்துத் தூக்கினான். அவன் பக்கத்தில் அவன் மனைவி ஆதரித்துத் தூக்கினாள். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் என்ன பேசிக்கொண்டார்களோ.

வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்த்தேன். வால்வைச் செப்டம்பரில் சரிசெய்துவிடலாம், அதுவரை தாங்கும், தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார். பில்லை யாருக்கு அனுப்புவது என்று வரவேற்பில் கேட்டார்கள். ஹார்ட்ஸ்புரூக் ஊரின் பணியாளர் காப்பீடு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வேலை செய்து வாங்கியது, மெதுவாக ஏன் சொல்ல வேண்டும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடத்துக்கும் விலையை ஏற்ற வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டிருக்கிறது. ஜூலை மாதம் தலைநகர் மான்ட்பீலியரில், இந்த விலையை முடிவு செய்யும் மாநில வாரியம் பொதுமக்கள் சொல்வதைக் கேட்கப்போகிறது. எனக்குத்தான் கிடைத்துவிட்டதே என்று வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று பார்த்தாயா? சனிக்கிழமை தோறும் குப்பை கொட்ட வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பதினொரு பேரைச் சேர்த்துவிட்டேன். எல்லாரும் அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். அதில் ஒருத்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறாள். ஹாலிஸின் மனைவியும் வருகிறாள்.

ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுக்கிறார்கள். நீயும் பெயரைக் கொடு. உனக்கு மெடிகேர் இருக்கிறது, நீ எதற்கு என்று சொல்வாய். அதற்காகத்தான் கூப்பிடுகிறேன். நாங்கள் பேசினால் எங்களுக்காகக் கேட்கிறோம் என்பார்கள். நீ பேசினால் அப்படி யாராலும் சொல்ல முடியாது. இந்த விலையேற்றத்தில் உனக்கு ஒரு காசு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. இவ்வளவு சுத்தமான ஆள் எங்களுக்கு வேறு எங்கே கிடைப்பான்?

பத்தொன்பது வருடமாக உன் நேர்மை யாருக்கும் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மூன்று நிமிடம் வேலை செய்யட்டும்.

லோரெட்டா